பழைய ஆறா, புது ஆறா?

காலை ஆறு மணி. இதைவிடத் தெளிவாக ஒரு நேரத்தைச் சொல்ல முடியாது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஸ்பெயினின் எஸ்த்ரேமதூராவில் ஹைடு (பறவை கண்ணில் படாமல் ஒளிந்திருந்து படமெடுக்கிற சின்ன மறைவிடம்) வைத்திருக்கும் அந்த மகானுபாவரோடு மூன்று வாரம் வாட்ஸப்பில் மல்லுக்கட்டியதில் அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

ஹைடு புக் செய்யப் போய் மண்டை காய்ந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மார்ச் கடைசி ஞாயிறு, காசெரெஸ் நகரத்துக்குப் பக்கத்துப் புல்வெளி, அவுதார்தா என்கிற பறவை. நம் கானமயிலுக்குப் பெரியப்பா முறை. உலகத்தில் மிச்சமிருப்பதில் பாதிக்கு மேல் ஸ்பெயினில்தான் இருக்கிறது. பத்துக் கிலோவைத் தாண்டிய ஆண் பறவை, பெட்டையை மயக்க இறகையெல்லாம் உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, சோப்பு நுரையில் விழுந்து எழுந்த மாதிரி வெள்ளைவெளேரென்று நிற்கும். அதில் ஒரே ஒரு படம். சொத்தையா கேட்டேன்?

சரி, நேற்று நடந்ததுக்கு வருகிறேன். நான் ஸ்பானிய மொழியில் மூன்று வரி எழுதினேன். செயலியில் மொழிபெயர்த்து, மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, ஞாயிறு காலை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரே கேள்வி. பதிலுக்கு வந்தது வாய்ஸ் நோட். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. பின்னணியில் டிராக்டர், ஒரு நாய், ஆட்டுக் கழுத்து மணி. நடுவில் யாரோ அவரைக் கூப்பிட, போனைக் கீழே போடாமல் அங்கேயும் ஏதோ பேசி முடித்துவிட்டு வருகிறார். அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். ‘தோஸ்’ என்றால் ‘தோ’. என் செயலி கேட்டுவிட்டுச் சொன்னது: “மாமா பச்சைக் கதவை மூடிய பிறகு பன்றியைப் பார்க்காதே.”

ஐந்து தடவை கேட்டபிறகு புரிந்தது. கருவாலி மரங்களுக்கு நடுவே மண் பாதை போகும். பச்சைக் கேட் வரும். அது இல்லை. இன்னொரு பச்சைக் கேட். அதுவும் இல்லை. மூன்றாவது பச்சைக் கேட், கம்பி போட்டுக் கட்டியிருக்கும், அவிழ்த்து உள்ளே வந்து திரும்பக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பன்றிகள் வெளியே போய்விடும். இத்தனையும் இருட்டில். பச்சை எது, நீலம் எது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதுதான். நான்கு நிமிடத்தில் நேரத்துக்கு ஒதுக்கியது ஒரே சொல்: ஆறு.

இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. அந்த ஞாயிறுதான் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றுகிற நாள். ராத்திரி இரண்டு மணி அடித்தால் அது மூன்று. சனிக்கிழமை ஏழே காலுக்கு உதிக்கிற சூரியன் ஞாயிறு எட்டே காலுக்கு உதிக்கும். ஆகவே, ஐயா, பழைய ஆறா, புது ஆறா?

“ஆறு, ஆறு.”

எந்த ஆறு?

“காலை ஆறு.”

புரிகிறது ஐயா. கடிகாரம் மாறுவதற்கு முந்தைய ஆறா, மாறின பிறகு வரும் ஆறா?

ஒரு கட்டைவிரல்.

கட்டைவிரல் எந்தக் கேள்விக்கு என்று சொல்லுங்கள். முதல் ஆறா, இரண்டாவதா?

இரண்டு மணி நேரம் கழித்து வாய்ஸ் நோட்: “பறவைக்கு வாட்ச் கிடையாது, நண்பரே.” அப்புறம் சிரிப்பு. டிராக்டர் வேறு.

பறவைக்கு இல்லை. எனக்கு இருக்கிறதே! பழைய ஆறு என்று நினைத்துப் புது ஏழு மணிக்குப் போனால், மனுஷன் புது ஆறுக்கே வந்து காத்திருந்து போயிருப்பார். புது ஆறுக்குப் போனால், பன்றிகளுக்குக் காவலாக ஒரு மணி நேரம் கேட்டடியில் குளிரில் நிற்க வேண்டும். விடிந்தபிறகு ஹைடுக்குள் நுழையவே முடியாது, அசைவைப் பார்த்ததும் அவுதார்தா அடுத்த மாவட்டத்துக்கு நடையைக் கட்டிவிடும். உள்ளே போனால் மதியம் வரை வெளியே வர முடியாது. அவசரத்துக்குப் பாட்டில்தான். முன்னாலிருக்கும் ஒருவழிக் கண்ணாடி கேமராவுக்கு வர வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்னும். இத்தனைக்கும் சம்மதம் சொன்னவனுக்கு ஒரு ஆறைத் தெளிவாகச் சொல்லக் கூடாதா?

கோபம் இப்போது ஸ்பெயினின் பழைய சர்வாதிகாரி ஃபிராங்கோ வரை போய்விட்டது. வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பெயின் இங்கிலாந்துக்கு நேர் கீழே கிடக்கிறது. 1940இல் அந்த ஆள் கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்குத் தள்ளி வைத்தார், இன்றுவரை யாரும் திருப்பி வைக்கவில்லை. மார்ச்சில் சூரியன் எட்டே காலுக்கு வந்தால் ஊர் எப்போது எழும்? தங்குமிடத்தில் காலை உணவு ஒன்பதுக்கு. இரவு உணவும் ஒன்பதுக்கு. நடுவே மதியம் கடையெல்லாம் இழுத்துச் சாத்திவிடுவார்கள். பறவைக்காக வருகிறவன் பன்றிக்குப் போட்ட கருவாலிக் கொட்டையைப் பொறுக்கித் தின்ன வேண்டியதுதான்.

அந்த வாரம் பார்த்து ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் வந்து ஒட்டிக்கொண்டது. குறைந்தது நான்கு இரவு எடுத்தால்தான் அறை. அங்கே த்ருஹீயோ என்கிற ஊரில் செங்கால் நாரை தேவாலயக் கோபுரத்திலேயே கூடு கட்டி, அலகைத் தட்டித் தட்டிக் கச்சேரி வைக்கிறது. அதனிடம் யாரும் நான்கு இரவு கேட்பதில்லை. விசாவும் கேட்பதில்லை.

விசா! ஒவ்வொரு இரவும் எந்தக் கட்டிலில் படுப்பேன் என்பதற்கு அத்தாட்சி, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, நாள்வாரியாகப் பயணத் திட்டம். தூதரகத்துக்கு எல்லாம் உறுதியாக வேண்டும். ஹைடுக்காரருக்கு எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லை. மழை பெய்தால் பாதை சேறு, பறவை இடம் மாறினால் ஹைடையே மாற்றணும், முந்தின நாள் பார்க்கலாம் என்கிறார். பயணத் திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக என்ன எழுத? “காலை ஆறு மணி (பழையதோ புதியதோ), மூன்றாவது பச்சைக் கேட்” என்றா?

இன்று காலை கடைசிச் செய்தி வந்தது. அவர் வாழ்நாளில் எழுதியதே இதுதானோ என்னவோ: “யா தே திகோ அல்கோ.” அப்புறம் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆறு மணி பற்றி அப்புறம் சொல்வாராம்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். “இவர் நம்ம டெய்லரோட அண்ணனா?” என்றாள். ஒரு நிமிடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது. ஹைடில் போட்டுக்கொள்ள காக்கித் துணியில் ஆறு பாக்கெட் வைத்து ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேனே! பொங்கலுக்கு முன்னால் அளவு எடுத்தது. போன் போட்டேன்.

“செவ்வாய்க்கிழமை ரெடி சார்.”

எந்தச் செவ்வாய் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.