காலியிடம் எந்தப் பக்கம் இருக்கிறது?
விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஒன்றாக இருக்கும் கணினியில் விண்டோஸ் பகிர்வை, அதாவது வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியை, சுருக்கி, மிஞ்சும் இடத்தை ஜிபார்ட்டெட் என்ற பகிர்வு மென்பொருள் மூலம் உபுண்டுவுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது உங்கள் கட்டுரை. உண்மைதான். ஆனால் அந்தக் காலியிடம் எந்தப் பக்கம் உருவாகும் என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. விண்டோஸுக்குப் பிறகு லினக்ஸை நிறுவிய கணினிகளில் பெரும்பாலும் வட்டில் விண்டோஸ் முன்னாலும் லினக்ஸ் பின்னாலும் இருக்கும். சி டிரைவைச் சுருக்கினால் காலியிடம் லினக்ஸ் பகிர்வின் இடப்பக்கம் வந்து நிற்கும். வலப்பக்கம் நீட்டுவது சிறிது நேர வேலை. இடப்பக்கம் நீட்டுவதென்றால் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் நகர்த்தியாக வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம், நடுவே மின்சாரம் போனால் பகிர்வே சிதைந்துவிடலாம்.

என் மடிக்கணினியில் லினக்ஸ் அமைப்புக் கோப்புகள் இருக்கும் 30 ஜிபி ரூட் பகிர்வு நிரம்பியபோது நான் அதை நகர்த்தவே இல்லை. காலியிடத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் புதிய பகிர்வு ஒன்றை உருவாக்கி, என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை அங்கே மாற்றினேன். ரூட்டில் தாராளமாக இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். விண்டோஸை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாவிட்டால், ஷட்டவுன் செய்த பிறகும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வை லினக்ஸிலிருந்து தொடக் கூடாது. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைத்த பிறகே தொடங்குங்கள்.

எக்ஸ்ட்4 பகிர்வை இயங்கும்போதே வலப்பக்கம் பெரிதாக்கலாம். ரூட்டைச் சுருக்கவோ நகர்த்தவோதான் லைவ் யுஎஸ்பி, அதாவது யுஎஸ்பியிலிருந்தே இயங்கும் லினக்ஸ், தேவை. காப்புப் பிரதி பற்றிய எச்சரிக்கை கட்டுரையின் கடைசி வரியில் இருக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள், ஐயா.