தார்சாவில் ஒரு பியானோ

போன சனிக்கிழமை சாயங்காலம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் தார்சாவில், அதாவது முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஜாஸ் பியானோ கேட்டேன். கேட்க வந்தவர்கள் மொத்தம் 26 பேர். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. நாலு நாளாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீடு ஓய்வுபெற்ற ஒரு டீச்சரக்காவுடையது. பியானோ அவருடைய அப்பா காலத்தது, சுவரோடு ஒட்டி நிற்கிற வகை. நம்ம ஊரில் பியானோ வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஈரம் ஏறினால் உள்ளே இருக்கிற பலகை உப்பும், கம்பியின் இழுவை மாறும், சுருதி நகர்ந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து ஆளை வரவழைத்துச் சரிசெய்த பிறகும், மேலே ஒரு கட்டை மட்டும் அழுத்தினால் உடனே எழும்பி வரவில்லை. வாசிக்க வந்த தம்பி அதை நாலைந்து தடவை தட்டிப் பார்த்தார். அப்புறம் வேகமான இடங்களில் அதைத் தொடாமலே தாண்டிப் போனார். மெதுவான ஒரு பாட்டில் மட்டும் வேண்டுமென்றே அதில் விரலை வைத்து, அது எழும்பி வரும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் பாட்டுக்குள் சேர்ந்துகொண்டது. 1975-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கீத் ஜாரெட்டுக்கும் மேல் ஸ்தாயி சரியில்லாத சின்னப் பியானோதான் கிடைத்தது. அதில் அவர் வாசித்ததை உலகம் இன்றைக்கும் கேட்கிறது.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பியானோவுக்கும் ஆறடி இருக்கும். பெடலை விடும்போது உள்ளே துணி கம்பியில் படிகிற மெல்லிய ‘உஸ்’ கேட்டது. தம்பி மூச்சு இழுப்பது கேட்டது. ஒரு ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து, முற்றத்தில் ஓடு சொட்டுகிற சத்தத்தோடு கலந்து காணாமல் போவதை முழுசாகக் கேட்டேன். இத்தனை வருஷம் போனிலும் காரிலும் ஜாஸ் கேட்டவன் நான். ஒரு ஸ்வரம் எங்கே முடிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுவில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு ஞானப்பாட்டை எடுத்தார். முதலில் மெட்டை அப்படியே வாசித்தார். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அடியில் இருக்கிற கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு புதிதாகக் கட்டிக்கொண்டே போனார். கடைசியில் மறுபடியும் அதே பாட்டு. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி சொன்னார்: “மக்களே, ஊரெல்லாம் சுத்திக் காட்டிட்டுல்லா திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்க!” ஜாஸ் என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம்ம கர்நாடக சங்கீதத்தில் அந்த நேரத்திலேயே கட்டிப் பாடுகிற கல்பனாஸ்வரத்தில் ராகம் ஒரே இடத்தில் நிற்கும், வாசிப்பவர் அதற்குள்ளே அலைவார். ஜாஸில் காலடியில் இருக்கிற தரையே நாலு தட்டுக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். அதன்மேல் விழாமல் நடக்க வேண்டும்.

‘ஜாஸெல்லாம் நமக்கு எதுக்கு’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிஷனரி ரிங்கல்தௌபே நம்ம குமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்தது 1806-ல். அதற்குப் பிறகு வளர்ந்த சபைகளில் சோல்பா என்கிற ஸ்வர எழுத்தைப் பார்த்து நாலு பார்ட் (நாலு குரல் வரிசை) பாடிப் பழகிய பாடகர் குழுக்கள் நம்ம மாவட்டத்தில் எத்தனை! ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய ஒரு அத்தைக்குக் கார்டு மாறுவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தம்பியும் அப்படி ஒரு குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர்தான். நம்ம காது எப்போதோ தயாராகிவிட்டது.

வீட்டில் வாசிப்பதும் இந்த இசைக்குப் புதிதில்லை. 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாடகை கட்ட வழியில்லாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வாசலில் சில்லறை வாங்கி, பியானோக்காரரை வாசிக்க வைப்பார்கள். ஜேம்ஸ் பி. ஜான்சனும் ஃபேட்ஸ் வாலரும் அப்படி வீடு வீடாக வாசித்தவர்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. கோயில் கொடையானாலும் சரி, திருநாளானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்காமல் நமக்கு இசையே இல்லை என்றாகிவிட்டது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும்கூட மைக் வைக்கிறோம்! தெரு முழுக்கக் கேட்கிறது, பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய பெரிய பெரிய ஹால்கள் வருஷத்தில் பத்து நாள்தான் திறக்கின்றன. அங்கே 30 நாற்காலி போட்டால் போதும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 300 ரூபாய். டீச்சரக்கா அந்த 7,800 ரூபாயையும் அப்படியே தம்பி கையில் கொடுத்தார், சுக்குக்காப்பியும் முந்திரிக்கொத்தும் தன் செலவு என்று சொல்லிவிட்டார். சென்னையில் ஓட்டல்களில் ஆட்கள் சாப்பிடும்போது வாசிப்பதுதான் தம்பிக்குப் பிழைப்பு. “ஒரு பாட்டு முடியும்வரை யாரும் பேசாம இருந்தது எனக்கு இதுதான் முதல் தடவை அண்ணே” என்றார். அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரணியலில் எங்கள் வீடு அம்மா போன பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. மார்கழிக்கு முன்னால் அதைத் திறக்கப் போகிறேன். பியானோ இல்லை. பக்கத்து ஊரில் வயலின் சொல்லிக்கொடுக்கிற ஒரு சாரிடம் கேட்டேன். “ஃபேன் சத்தம் வராம இருந்தா வாறேன்” என்றார். ஃபேனை நிறுத்தினால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். எட்டில் மூன்று இறுகிப் போய்க் கிடக்கின்றன. ஆசாரி வியாழக்கிழமை வருகிறார்.