பிரீக்கினைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

பிரீக்கின் சிட்டி என்ற ஸ்காட்லாந்துக் கால்பந்து அணியைக் கேலி செய்யும் காணொளி ஒன்று மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. நான் அந்த ஊருக்குப் பக்கத்தில் டண்டீ நகரத்தில் படித்தவன் என்பதால் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு அனுப்பிவிட்டார்கள். 2017-18இல் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 36 ஆட்டம் ஆடி, ஒன்றில்கூட ஜெயிக்காமல் முடித்த அணி அது. 4 டிரா, 32 தோல்வி. அடித்தது 20 கோல், வாங்கியது 90. மொத்தம் 4 புள்ளி. காணொளியில் சொன்ன கணக்கெல்லாம் சரிதான். அதை வைத்து அந்த அணியை நையாண்டி செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டண்டீக்கும் அபர்டீனுக்கும் நடுவே ஆங்கஸ் என்றொரு பகுதி. அங்கே ஆர்புரோத், ஃபோர்ஃபர், மான்ட்ரோஸ், பிரீக்கின் என்று நான்கு சின்ன ஊர்கள். நான்குக்கும் தனித்தனியாக லீக் அணி இருந்தது. பிரீக்கினில் மொத்தமே சுமார் ஏழாயிரம் பேர்தான். பேரில் 'சிட்டி' ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அங்கிருக்கும் பழைய கதீட்ரல், அதாவது பேராலயம். அதன் பக்கத்தில் சுமார் ஆயிரம் ஆண்டு பழைய வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது, ஸ்காட்லாந்து முழுக்கவே அப்படி இரண்டுதான் மிச்சம். ராடாரை உருவாக்கிய ராபர்ட் வாட்சன்-வாட் பிறந்த ஊரும் இதுதான்.

கிளீப் பார்க் என்பது அவர்கள் மைதானம். ஆடுகளத்தின் ஒரு பக்கம் நெடுக உயிர்வேலி. ஆமாம், செடிதான். ஆள் உயரத்துக்கும் மேலே வளர்த்து, தலையைச் சீராக வெட்டி விட்டிருப்பார்கள். லீக் கால்பந்து ஆடும் மைதானத்தில் அப்படி ஒரு வேலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் இலை காய்ந்து செம்பழுப்பாகிவிடும், ஆனாலும் உதிராமல் கிளையிலேயே நிற்கும். காற்றடித்தால் சலசலவென்று சத்தம் வரும். கூட்டம் அமைதியாக இருக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

இப்போது அந்தப் பருவத்துக்கு வருகிறேன். சாம்பியன்ஷிப்புக்குள் பிரீக்கினை யாரும் பரிதாபப்பட்டு விடவில்லை. 2016-17இல் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் நான்காவது இடம் பிடித்தார்கள், நான்காவது இடத்துக்கு மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் உண்டு. மேல் பிரிவில் கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்த ரெய்த் ரோவர்ஸை பெனால்டியில் ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் அலோவாவோடு இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-4, மறுபடியும் பெனால்டி, மறுபடியும் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் டேரன் டாட்ஸ். அணியில் எல்லோரும் பகுதிநேர ஆட்டக்காரர்கள். பகலில் ஒரு வேலை, வாரத்தில் இரண்டொரு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம்.

எதிரே நின்றவர்கள் யார் என்று பாருங்கள். 1987இல் ஐரோப்பிய அணிகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையின் இறுதிப் போட்டி வரை போன டண்டீ யுனைட்டெட். 2015இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற இன்வர்னெஸ். செயின்ட் மிரன், டன்ஃபர்ம்லின், ஃபால்கிர்க். அந்த ஆண்டு செயின்ட் மிரனும் லிவிங்ஸ்டனும் முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்புக்கே ஏறிப்போனார்கள். பெரும்பாலும் முழுநேர அணிகள். தினமும் காலையில் பயிற்சி செய்கிற உடம்புக்கும், எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கும் முதல் அறுபது நிமிடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசி அரை மணி நேரத்தில்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. நான் பார்த்த ஆட்டங்களில் பிரீக்கின் கோல் வாங்கியது பெரும்பாலும் அப்போதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை டண்டீயிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். மூன்று மணிக்கு ஆட்டம், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் எல்லோர் வாயிலிருந்தும் புகை. ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டு வேலியோரம் நின்றேன். பக்கத்தில் சிவப்புக் கம்பளிக் கழுத்துத்துணி சுற்றிய ஒரு பெரியவர். 1960களிலிருந்து வருகிறாராம், வேலியை அவர் சின்னப் பையனாகப் பார்த்தபோதும் இதே உயரம்தானாம். அன்றும் தோல்விதான். கடைசி ஐந்து நிமிடத்தில் பந்து வேலிக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தது. ஆட்டத்தில் ஒன்றும் மிச்சமில்லை, எதிரணிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். பிரீக்கினின் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரர் மட்டும் ஓடிப்போய் வேறொரு பந்தை வாங்கி, கைச்சட்டையில் ஈரத்தைத் துடைத்து, அவசர அவசரமாக உள்ளே எறிந்தார். பெரியவர் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் தட்டினார்கள். ஆட்டம் முடிந்த பிறகு அவரிடம், வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். போன வருஷம் பெனால்டியில் ஜெயித்த அன்றே இதுவும் சேர்த்துத்தானே வந்தது என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணி முதலில் செய்வது பயிற்சியாளரை அனுப்புவது. பிரீக்கின் செய்யவில்லை. பருவம் முழுக்க டாட்ஸ்தான் ஓரத்தில் நின்றார். டண்டீ யுனைட்டெடிலும் இன்வர்னெஸ்ஸிலும் ஆடியவர் அவர். தான் சட்டை போட்ட அணிகளிடமே தோற்றுவிட்டு அடுத்த நாள் ஊருக்குள் நடமாட வேண்டும். ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டியில் நாட்டின் பெரிய அணியான செல்டிக்கிடம் 5-0 தோல்வி. அப்புறம் திரும்ப வந்து லீக். ஒரு ஆட்டத்துக்கும் வராமல் இருக்கவில்லை, பாதியில் கைவிடவில்லை.

ஸ்காட்டிஷ் லீக்கில் இதற்கு முன்னால் ஒரு பருவம் முழுக்க ஜெயிக்காமல் இருந்தது 1891-92இல் வேல் ஆஃப் லெவன். அவர்கள் யார்? 1877, 78, 79 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றவர்கள். பூஜ்யம் யாருக்கும் வரலாம்.

சரி, நான் சொல்ல வருவது இதுதான். சின்ன அணி மேலே ஏறலாம் என்று கதவைத் திறந்து வைத்தால், ஏறிய அணி சில சமயம் இப்படி அடிவாங்கும். அது கதவின் குற்றமும் இல்லை, அணியின் குற்றமும் இல்லை. பிரீக்கினிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடற்கரையில் இருக்கிறது ஆர்புரோத். அதுவும் பகுதிநேர அணிதான். பிரீக்கின் 4 புள்ளியோடு இறங்கி நாலே வருஷத்தில், 2021-22இல், அதே சாம்பியன்ஷிப்பில் ஆர்புரோத் இரண்டாவது இடம். கில்மார்னக்கிடம் கடைசிக்கு முந்திய வாரத்தில்தான் பட்டம் கைநழுவியது. பயிற்சியாளர் டிக் கேம்ப்பெல், முன்பு பிரீக்கினையும் நடத்தியவர். துணையாக இருந்த இரட்டைச் சகோதரர் இயன், பிரீக்கினுக்காக ஆடியவர். ஆர்புரோத்தின் பருவத்தை எல்லோரும் அதிசயம் என்று எழுதினார்கள், நானும் நடுராத்திரி வரை அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதே ஆட்கள் பிரீக்கினை வெட்கக்கேடு என்கிறார்கள். ஒரே விதியில் வந்த இரண்டு முடிவு. ஒன்றைக் கொண்டாடிவிட்டு மற்றதைத் துப்ப முடியாது.

அதற்குப் பிறகு பிரீக்கினுக்கு நடந்ததை நான் பூசி மெழுகப் போவதில்லை. 2018-19இல் லீக் ஒன்னிலும் கடைசி, நான்காம் அடுக்கான லீக் டூவுக்கு இறங்கினார்கள். அங்கும் கடைசி. 2020இல் கொரோனாவால் பருவம் பாதியில் நின்று பிளே-ஆஃப் நடக்காததால் பிழைத்தார்கள். அந்த முறை கெல்ட்டி ஹார்ட்ஸுக்குத்தான் அநியாயம், லீக் டூவுக்குக் கீழே இருந்த லோலேண்ட் லீக்கின் முதலிடத்தில் இருந்தும் மேலே வர வழியில்லாமல் நின்றார்கள். அடுத்த வருஷமும் பிரீக்கின் கடைசி, இந்த முறை பிளே-ஆஃப் நடந்தது, எதிரே அதே கெல்ட்டி. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-1 தோல்வி. பிரீக்கின் லீக்கை விட்டே வெளியேறியது. நியாயமான முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சாம்பியன்ஷிப் பருவத்துக்கு மரியாதை கேட்கிறேனே தவிர, அடுத்த மூன்று வருஷத்துக்குச் சாக்கு சொல்லவில்லை. அந்த நிலைமையில் அணியை இன்னும் நன்றாகக் கட்டியிருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2014-15இலிருந்து லீக் டூவுக்குள் வர ஒரே வழி வைத்தார்கள். அதற்குக் கீழே இருந்த இரண்டு வட்டார லீக்குகளான ஹைலேண்ட் லீக்கின் சாம்பியனும் லோலேண்ட் லீக்கின் சாம்பியனும் முதலில் தங்களுக்குள் மோத வேண்டியிருந்தது. ஜெயித்தவர் லீக் டூவின் கடைசி அணியோடு மோத வேண்டியிருந்தது. அதாவது சாம்பியன் ஆனது மட்டும் போதவில்லை, பிறகும் இரண்டு தொடர் ஜெயிக்க வேண்டியிருந்தது. லீக் டூவில் கடைசியாக வந்தவருக்கோ இன்னொரு வாய்ப்பு சும்மா கிடைத்தது. கீழேயிருந்து வருகிறவர்கள் தகுதியில்லாதவர்களா? 2019இல் ஏறிய கோவ் ரேஞ்சர்ஸ் முதல் பருவத்திலேயே லீக் டூவில் முதலிடம். 2021இல் ஏறிய கெல்ட்டியும் முதல் பருவத்திலேயே முதலிடம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? சாம்பியன் நேராக ஏற வேண்டும், கடைசி அணி நேராக இறங்க வேண்டும். பிரீக்கின் கடைசியாக இருந்த வருஷத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது போதாதென்று 2021இலிருந்து லோலேண்ட் லீக்கில் ரேஞ்சர்ஸ், செல்டிக்கின் இரண்டாம் அணிகளை விருந்தாளியாகச் சேர்த்தார்கள். ஏறவும் மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள் என்பதுதான் அப்போதைய ஏற்பாடு. 2023இல் லீக் டூவுக்குக் கீழே புதிதாக ஒரு பிரிவு அமைத்து இரண்டாம் அணிகளை அங்கே உட்காரவைக்கும் திட்டம் வந்தது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள், வாக்கெடுப்பு வரை போகாமலேயே கைவிட்டார்கள். நல்லவேளை. ஊர் இல்லாத, தோற்றால் எதையும் இழக்காத அணியோடு ஆடுவதற்கா ஒருவர் வேலை முடிந்து மழையில் பயிற்சிக்கு வருகிறார்?

பிரீக்கின் வெளியே போன பிறகும் கிளீப் பார்க்கில் ஆட்டம் நிற்கவில்லை. 2022-23இல் ஹைலேண்ட் லீக்கை வென்றார்கள். ஜெயித்துக்கொண்டே இருந்த ஒரு பருவம்! விதிப்படி லோலேண்ட் சாம்பியனான ஸ்பார்டன்ஸோடு மோதல். இரண்டு ஆட்டத்திலும் பிரிக்க முடியாமல் பெனால்டிக்குப் போனது. 2017இல் இரண்டு முறை பிரீக்கினைத் தூக்கிவிட்ட அதே பெனால்டி, இந்த முறை தள்ளிவிட்டது. ஸ்பார்டன்ஸ் ஏறிப்போனார்கள். சாம்பியன் பிரீக்கின் அடுத்த பருவமும் அதே ஹைலேண்ட் லீக்கில்.

நான் டண்டீயை விட்டு வந்து வருஷங்களாகிவிட்டன. சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஆகும்போது இன்றும் கை தானாகக் கைபேசியை எடுக்கிறது. பிரீமியர்ஷிப் முடிவுகளைத் தாண்டி, நாலு அடுக்கையும் தாண்டி, கீழே வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனால் ஹைலேண்ட் லீக் வரும். முதலில் பிரீக்கின் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.