தண்ணீர் முறை இல்லாத உலகங்கள்

இணையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எழுத்தாலேயே ஆடும் ஒரு ரோல்பிளே விளையாட்டில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் தமிழில் தட்டச்சு செய்வதுதான் ஆட்டம். ஆட்டம் நடக்கும் கற்பனை உலகத்தை உறுப்பினர்களே எழுதிக் கொடுக்கலாம். அப்படி வந்தவற்றைப் படித்ததிலும், நானே ஒன்றைக் கொடுத்துப் பட்டதிலும் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. பிறர் ஆடுவதற்கு உலகம் எழுதுகிறவர் அரச பரம்பரையில் தொடங்கக் கூடாது. அங்கே எதற்குத் தட்டுப்பாடு, அது யாருக்கு எந்த நாளில் கிடைக்கும் என்பதில் தொடங்க வேண்டும்.

நான் முதலில் எழுதிக் கொடுத்த உலகம் நாற்பது பக்கம். ஒன்பது அரசர்கள், அவர்களுடைய வாள்களுக்குத் தனித்தனிப் பெயர்கள், இரண்டு பெரும்போர்கள். யாரும் அதைப் படிக்கவில்லை என்பதை ஆட்டம் தொடங்கிய முதல் இரவிலேயே புரிந்துகொண்டேன். ஆனால் முப்பத்தொன்றாம் பக்கத்தில், பெரிய யோசனை எதுவும் இல்லாமல், ஊர்ப்பழக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "எட்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால், தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், கடைசி ஊருக்கு ஏழாம் நாள்." திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், வாய்க்காலின் கடைசியில் நிலம் இருக்கிற கடைமடைக்காரனுக்கு இது கற்பனையே அல்ல. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும், தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகவும் காவிரியாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிந்து, எங்கள் வாய்க்காலின் தரை நனைவதற்குள் தலைமடையில் நாற்றங்கால் பச்சை கட்டியிருக்கும். அந்த ஒரு வரியைத்தான் ஆடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவரை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம்; என் உலகத்தில் அவருக்கு மடைக்காரர் என்று பெயர். கும்பகோணத்துப் பெண் ஒருவர் அந்தப் பாத்திரத்தை எடுத்தார். ஐந்தாம் நாள் இரவு, ஊர் உறங்கிய பிறகு, அவருடைய மடைக்காரர் முறையில் இல்லாத ஊருக்கு மடையைத் திறந்துவிட்டு, விடியும் முன் வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் களிமண்ணோடு சேர்த்து அடைத்துவிட்டார். எதற்காகத் திறந்தார் என்று அவர் எழுதவில்லை. மறுநாள் காலை இன்னொருவருடைய பாத்திரம் வாய்க்காலுக்குப் போய், கரையில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்தது. அவ்வளவுதான், அடுத்த மூன்று மாதங்களுக்கு அந்த ஈரத்தைச் சுற்றியே ஆட்டம் நடந்தது. என் ஒன்பது அரசர்களில் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

எழுத்தால் ஆன பொது உலகம் புதிதல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற கணினி விளையாட்டில் அறைகளும் வழிகளும் வெறும் சொற்களாகவே இருந்தன. அதே வகையில் 1989-இல் வந்த டைனிமட், ஆடுகிறவர்களே அறைகளைக் கட்டிச் சேர்க்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. அறை கட்டுவது எளிது. கட்டிய அறைக்குள் இன்னொருவர் வந்து செய்வதற்கு ஒரு வேலையை விட்டுவைப்பதுதான் கடினம். மின்னல் மலை, பேசும் யானை, பொன்னால் ஆன கோபுரம் என்று வரிசையாக வர்ணித்துவிட்டுப் போகும் உலகங்களில், வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. பழந்தமிழ் இலக்கணத்தில் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றை வகுத்தார்கள். உலகம் எழுத வருகிற நம்மவர்கள் கருப்பொருளோடு நின்றுவிடுகிறார்கள்: தெய்வம், மரம், பறவை, விலங்கு, பறை. பட்டியல் நிறைந்துவிட்டால் உலகம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதற்பொருள் என்பது நிலம் மட்டுமல்ல, பொழுதும் சேர்ந்தது. மருதத்துக்கு வயலோடு வைகறையும் உண்டு. பொழுது இல்லாத உலகத்தில் யாரும் தாமதமாக வர முடியாது, யாரும் காத்திருக்க முடியாது. காத்திருக்க ஆள் இல்லாத இடத்தில் கதைக்கு என்ன வேலை? (எல்ஃபுகளும் டிராகன்களும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிராகனும் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கும் என்று எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.)

கொடுத்துவிட்ட உலகத்தின் மேல் கொடுத்தவருக்கு என்ன உரிமை என்பதில்தான் எனக்கு அடி விழுந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், கடைசி ஊருக்கு அருகே மந்திரத்தால் ஒரு வற்றாத ஊற்றைத் தோண்டிவிட்டார். தட்டுப்பாடே போய்விட்டால் இந்த உலகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஆட்டத்தை நடத்துபவரிடம் முறையிட்டேன். "நீங்கள் எழுதிய நாற்பது பக்கத்தில் ஊற்று கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எங்கும் இல்லை. வாள்களின் பெயர்களை எழுதிய நேரத்தில் அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கலாம். இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தேன்.

இப்போதும் என் நிலைப்பாடு இதுதான். எதை மாற்றக் கூடாது என்பதை இரண்டு மூன்று வரிகளில் முன்கூட்டியே எழுதி, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு உலகத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்த வரிகளுக்கு வெளியே நடப்பதில் மூக்கை நுழைக்கக் கூடாது. எழுதியவர் நடுவில் வந்து "என் உலகத்தில் இப்படி நடக்காது" என்று சொல்லும் ஆட்டத்தைப் போலச் சலிப்பூட்டுவது வேறில்லை. அதை நானே செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

நான் திரும்பிப் போனபோது ஊற்று அப்படியேதான் இருந்தது. ஆனால் ஊற்றைச் சுற்றி வேலி வந்திருந்தது. வேலிக்கு ஒரு காவல். காவலுக்குக் கூலி கொடுக்க வரி வசூல். கும்பகோணத்துப் பெண்ணின் மடைக்காரர், வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களாகப் பார்த்து ஊற்றுக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இப்போது நான் அங்கே முக்கால் காணி நிலமுள்ள ஒரு கடைமடை விவசாயி. சென்ற வாரம், நான் வேண்டாம் என்று முறையிட்ட அதே ஊற்றில், குடத்துக்கு ஒரு படி நெல் கொடுத்து நாற்றுக்குத் தண்ணீர் எடுத்துவந்தேன்.