பஞ்சு மிதித்த குழந்தையின் நினைவு

சிறுவயது நினைவுகள் வரலாறு ஆகாது, அவை வயதானவர்களின் பொழுதுபோக்கு என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் வாழ்வது இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரின் பழைய பஞ்சாலை நகரமான போல்ட்டனில். இங்கே முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். மருந்து கொடுக்கும்போதும் தேநீர் ஊற்றும்போதும் என் காதில் விழுந்துகொண்டே இருப்பது இந்த ஊரின் கதைதான். அதனால் இதை எழுதும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

போல்ட்டனின் வரலாறு என்று யாரிடம் கேட்டாலும் சாமுவேல் கிராம்ப்டனிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1779-இல் 'மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கியவர். ஹால் இத் வுட் என்ற பழைய வீட்டில் குடியிருந்தபோது, யார் கண்ணிலும் படாமல் அதைச் செய்து முடித்தார். காப்புரிமை பெறவில்லை. அவருடைய இயந்திரத்தால் பிறர் கோடீஸ்வரர் ஆனார்கள். அவருக்கு 1812-இல் நாடாளுமன்றம் 5,000 பவுன் கொடுத்ததோடு சரி. ஊர் நடுவே நெல்சன் சதுக்கத்தில் 1862-இல் சிலை வைத்தார்கள். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

அவருடைய மூத்த மகன் ஜார்ஜ் விட்டுச்சென்ற நினைவு ஒன்று இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்திலும் அதைத்தான் முதலில் வைப்பேன். நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தனக்குப் பஞ்சு வேலை கொடுத்துவிட்டார்கள் என்கிறார் அவர். அம்மா பஞ்சைக் கம்பிச் சல்லடை மேல் போட்டு அடிப்பார். அடித்த பஞ்சு ஆழமான ஒரு மண்தொட்டிக்குள் போகும். அதன்மேல் நல்ல காரமான சோப்புத் தண்ணீர். பிறகு குழந்தையின் பாவாடையை இடுப்புவரை சுருட்டிவிட்டு (அந்தக் காலத்தில் ஆண் குழந்தைகளுக்கும் பாவாடைதான்) தொட்டிக்குள் இறக்கிவிடுவார். குழந்தை பஞ்சை மிதிக்க வேண்டும். அடுத்த சல்லடைப் பஞ்சு தயாரானதும் குழந்தையைத் தூக்கிவிட்டு அதையும் உள்ளே போட்டு, மறுபடியும் இறக்குவார். இப்படியே பஞ்சு ஏற ஏற, குழந்தை நிற்கும் உயரமும் ஏறும். விழுந்துவிடுவோமோ என்ற கட்டம் வந்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்.

உலகத்தையே மாற்றியது என்று போற்றப்படும் ஓர் இயந்திரத்துக்குப் பஞ்சு எப்படித் தயாரானது என்பதை, சோப்புத் தண்ணீரில் நின்ற அந்தப் பையன் சொன்னதால்தான் இவ்வளவு துல்லியமாக அறிகிறோம். தொட்டிக்குள் நின்ற பிஞ்சுக் கால்களைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதியிருக்காது. இயந்திரத்தின் வரைபடம் கிடைக்கும், பஞ்சின் விலைப்பட்டியல் கிடைக்கும். அம்மா பாவாடையைச் சுருட்டிவிட்ட செய்தி எந்த ஆவணத்திலிருந்து கிடைக்கும்?

இந்த ஊர் முதியவர்களிடம் கேட்டவற்றையும் இதே வரிசையில்தான் வைக்கிறேன். நெசவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் உதட்டை அகலமாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. பிள்ளைகள் காதில் விழக்கூடாத சங்கதிகளை அம்மாவும் சித்தியும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளோ அதையும் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். மரத்தாலான அடிப்பாகத்தில் இரும்பு லாடம் அடித்த காலணிகளைக் கல்பாவிய தெருவில் உரசி, தீப்பொறி பறக்கவிடுவது பையன்களின் விளையாட்டு. பழைய துணி வாங்க வருகிறவர் காசுக்குப் பதிலாக, வாசற்படியைத் தேய்த்து நிறமேற்றும் கல் ஒன்றைக் கொடுப்பார். மண்டியிட்டு வாசற்படி தேய்க்கும் வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகள் தலையில்தான். பக்கத்து ஆஷ்டன் நகரில் அந்தக் கல்லைச் செய்துவந்த ஈலை வாலி நிறுவனம் 1979 வரை நடந்தது என்பது எனக்கே வியப்பான செய்தி.

இன்னொன்று, கூட்டுறவுக் கடை எண். கூட்டுறவுக் கடைகளுக்கு வழிகாட்டியவர்கள் ராச்டேல் நகரத்து உழைப்பாளிகள். 1844 டிசம்பரில் டோட் லேனில் கடை திறந்தார்கள். போல்ட்டனிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். வாங்கும் பொருளுக்கு ஏற்ப உறுப்பினருக்கு ஈவுத்தொகை உண்டு. கடைக்குப் போகும் பிள்ளை தன் வீட்டாரின் உறுப்பினர் எண்ணைத் தவறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பணம் வேறொருவர் கணக்கில் போய்விடும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி பேரனின் பெயரைக்கூட மறந்துவிட்டார். அம்மாவின் கடை எண்ணைக் கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார். அந்த ஈவுத்தொகையில்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கினார்கள். ஓர் ஊரின் பொருளாதாரம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

கோடை விடுமுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களை நிறுத்த முடியாது. பஞ்சாலை நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு விடுமுறை வாரம் இருந்தது. போல்ட்டனுக்குக் கோடையின் தொடக்கத்தில். ஆலைகள் மொத்தமாக மூடும், கொதிகலன்களைப் பழுதுபார்ப்பார்கள், ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் 1938-இல்தான் வந்தது. அதற்கு முன் பலருக்கு அது சம்பளமில்லாத வாரம். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் போனார்கள். போகாமல் ஊரிலேயே தங்கிய பிள்ளைகளுக்கு வேறு நினைவு: புகைபோக்கிகள் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் ஊரைச் சுற்றியிருந்த மலைகள் தெளிவாகத் தெரிந்தன. புகைமண்டலத்தின் கனத்தை எனக்கு உணர்த்தியது அந்த ஒரு தகவல்தான்.

சரி, நினைவு இனிப்பைப் பூசிவிடும் என்கிறார்களே, அது? உண்மைதான். "யாரும் கதவைப் பூட்டியதே இல்லை, எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை அப்படியே வரலாறாக எழுதிவிட முடியாது. பூட்டி வைக்க வீட்டில் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். இதே ஊரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரை நாள் ஆலையிலும் அரை நாள் பள்ளியிலும் கழித்தார்கள். காலை ஆறு மணிக்கே ஆலைக்குப் போனவர்கள் மதியம் பள்ளி மேசையில் தலைசாய்த்துத் தூங்கினார்கள். 1918-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது. அதுவும் முழுமையாக நடைமுறைக்கு வர 1921 ஆயிற்று. அதை ஒழிக்கக்கூடாது என்று பல பெற்றோரும் தொழிற்சங்கங்களும்கூட எதிர்த்தார்கள். பிள்ளையின் கூலி வீட்டுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. அந்தக் கொடுமையையும் நமக்குச் சொன்னவர்கள் அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களே. எலிசபெத் ராபர்ட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1970-களில் பாரோ, லங்காஸ்டர், பிரெஸ்டன் ஊர்களில் வீடு வீடாகப் போய் உழைக்கும் மக்களின் குரலைப் பதிவு செய்தார்கள். இனிப்பு மட்டுமே நினைவில் தங்கும் என்றால் அந்த ஒலிநாடாக்களில் இவ்வளவு பசி ஏன் இருக்கிறது? பொதுவான உணர்வைக் கேட்டால் பொதுவான பதில் வரும். "அடுப்பங்கரையில் எத்தனை பேர் தூங்கினீர்கள், குளிக்கும் தண்ணீர் யாருக்கு முதலில்?" என்று கேட்டுப் பாருங்கள். பொய்யான பொற்காலம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

நினைவை அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமல் விட்டால் எவ்வளவு சீக்கிரம் அழிந்துபோகும் என்பதற்கும் போல்ட்டனே சாட்சி. விண்டர் ஹில் என்ற மலைக்குப் போகும் பாதையை, ஸ்மித்தில்ஸ் மாளிகையின் உரிமையாளர் கர்னல் ஐன்ஸ்வர்த் தன் வேட்டைக்காக அடைத்துவிட்டார். 1896 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 10,000 பேர் ஊரிலிருந்து நடந்தே போய், கதவை உடைத்து மலையேறினார்கள். அடுத்த வாரங்களிலும் போனார்கள். நீதிமன்றம் கர்னல் பக்கம் நின்றது. அதன் பிறகு ஓர் அமைதி. 1932-இல் கிண்டர் ஸ்கௌட்டில் சில நூறு பேர் நடத்திய மலையேற்றப் போராட்டத்தை நாடே அறியும். அதைவிடப் பல மடங்கு பெரிய இந்தப் போராட்டத்தைச் சொந்த ஊரே மறந்துபோனது. 1980-களின் தொடக்கத்தில் பால் சால்வேசன் என்ற உள்ளூர் வரலாற்றாளர் தோண்டியெடுத்து எழுதிய பிறகுதான் நினைவுநடை தொடங்கியது. அன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து மலையேறிய குழந்தைகள் 1950-களிலும் இந்தத் தெருக்களில் உயிரோடு இருந்திருப்பார்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறவில்லை.

போல்ட்டனின் பர்ண்டன் பார்க் கால்பந்து மைதானத்தில் 1946 மார்ச் 9 அன்று கூட்ட நெரிசலில் 33 பேர் இறந்ததும் அப்படித்தான் வெகுகாலம் பேசப்படாமல் கிடந்தது. தன் மகனை அந்த நெரிசலிலிருந்து வெளியே கொண்டுபோக ஒரு தந்தை பூட்டிய கதவைத் திறந்தார். அதன் வழியாக வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை. உடல்களை ஆடுகளத்தின் ஓரத்தில் கிடத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நினைவுப் பலகை வர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைதானம் இருந்த இடத்தில் இப்போது பல்பொருள் அங்காடி.

இவ்வளவு நடந்த பிறகும், பதிவு செய்த குரல்களையாவது பாதுகாக்கிறார்களா? 1979-இல் தொடங்கப்பட்டு, கிளிதரோ கோட்டையில் இயங்கிய வடமேற்கு ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் மூடப்பட்டது. நாடாக்களை வேறு காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பர்ன்லி அருகே, நீராவியால் தறி ஓட்டும் குவீன் ஸ்ட்ரீட் ஆலை அருங்காட்சியகத்தையும் 2016-இல் நிதி இல்லை என்று மூடினார்கள். மக்கள் விடாமல் குரல் எழுப்பிய பிறகே குறைந்த நாட்களுக்காவது திறந்தார்கள். சாலைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டும், எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் இயந்திரத்தைப் பத்தாண்டு மூடி வைத்தாலும் எண்ணெய் போட்டு மீண்டும் ஓட்டலாம். தொண்ணூறு வயதுக்காரரின் நினைவை அப்படி மூடி வைக்க முடியாது. சிக்கனத்தை எங்கிருந்து தொடங்கக் கூடாதோ அங்கிருந்தே தொடங்கிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இங்கே சேகரிக்கப்படும் சிறுவயது நினைவுகளில் பெரும்பாலானவை 1950-களோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஆலைகள் அதற்குப் பிறகும் ஓடின. 1960-களில் இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காதபோது குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த ஆண்கள் அந்த இயந்திரங்களை ஓட்டினார்கள். கென்யாவிலிருந்து வெளியேறிய குடும்பங்களும் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஒரு காலத்தில் இந்த லங்காஷயர் துணியின் மிகப் பெரிய சந்தை இந்தியா. புறக்கணிப்புப் போராட்டத்தால் நெசவாளர்கள் வேலையிழந்திருந்த நேரத்தில், 1931 செப்டம்பரில், காந்தி இங்கிருந்து சில மைல் தூரத்தில் உள்ள டார்வெனுக்கு வந்து அவர்களைச் சந்தித்தார். அவர்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அந்தக் கதையைச் சொல்லாத உள்ளூர் வரலாற்றாளர் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்துக்குக் குடிவந்த இந்தியர்களின் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பகலில் அப்பா தூங்குவதால் சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். 1970-களில் இனவெறிக் கும்பல்கள் நடமாடிய தெருக்களில் பள்ளிக்குப் போய் வந்தவர்கள். ஆலை மூடியபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தவர்கள். அவர்களுக்கும் இப்போது அறுபது வயது ஆகிறது. போல்ட்டனின் சிறுவயது என்றால் அவர்களுடையதும்தான்.

ஆகவே இங்கே இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹாலிவெல், டீன், டாப்ஹில் பகுதிகளில் வளர்ந்த குஜராத்தி, பாகிஸ்தானிக் குடும்பத்தினர் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் எனக்குச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது. பேசியவர் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கொடுத்துவிடலாம், இன்னொன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு. பெரிய கேள்விகள் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்பா இரவுப் பணிக்குக் கிளம்பும்போது டப்பாவில் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போனார் என்பதிலிருந்து தொடங்குவேன்.