சயவும் சயவும் சக: எந்தக் கணக்கைப் பாட்டாக்குவது?

கணித விதிகளைப் பாட்டாக்கிச் சொல்லிக் கொடுக்கும் வீடியோக்கள் எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் இப்போது அடிக்கடி சுற்றுகின்றன. பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள், எனக்கும் சந்தோசம். ஆனால் எந்த விதியைப் பாட்டாக்குவது, எப்போது பாட வைப்பது என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது பாட்டாகத்தான் மனதில் ஏற வேண்டும். "ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு" என்று ராகம் இழுத்துப் படித்த எங்கள் அம்மம்மாமார் சந்தையில் ஒரு சதம் பிசகாமல் கணக்குப் பார்த்தார்கள். என்ன, ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் சில பிள்ளைகள் ஓரெட்டில் இருந்து தொடங்கிப் பாடித்தான் வந்து சேருவார்கள். வரிசையைக் குலைத்துக் கேட்டுப் பழக்கினால் அது சரிவந்துவிடும்.

சிக்கல் விதிகளில்தான். "சயவும் சயவும் சக." சய என்றால் கழித்தல் குறி, சக என்றால் கூட்டல் குறி. யாழ்ப்பாணத்தில் இது கேட்காத ரியூசன் கொட்டில் உண்டா? ஒருமுறை சொன்னால் போதும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரும்பலகையில் −300 − 500 என்று எழுதிப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகூட யோசிக்காமல் +800 என்று எழுதும். "ரெண்டும் சய தானே சேர், அப்ப சக." பாட்டில் பெருக்கல் என்ற சொல்லே இல்லாதபோது பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? ஓசைக்காக நாங்கள் வெட்டி எறிந்தது விதியின் நிபந்தனையை. அதே பிள்ளையிடம், கடையில் 300 ரூபா கடன், பேந்து இன்னொரு 500 ரூபா கடன், இப்ப எப்பிடி நிலைமை என்று கேளுங்கள். "800 ரூபா குடுக்கோணும்" என்று பட்டென்று பதில் வரும். விளக்கம் பிள்ளைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப முதலே பாட்டு வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

எந்தச் செய்கையை முதலில் செய்வது என்று ஆங்கில முதலெழுத்துகளால் நினைவூட்டும் போட்மாஸ் (BODMAS) கதையும் இதேதான். 10 − 3 + 2 என்று கொடுத்தால், கூட்டலின் எழுத்து முந்தி வருகிறது என்று 3ஐயும் 2ஐயும் முதலில் கூட்டி, விடை 5 என்பார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும், விடை 9. அந்த ஐந்தாறு எழுத்துகளுக்குள் இது எங்கே இருக்கிறது?

பாட்டில் கணக்கைச் சரியாகச் சொல்ல முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் பழைய ஆட்கள் கணக்கைச் செய்யுளிலும் வைத்தார்கள். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் வட்டத்துக்கு இப்படி வரும்: "வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி." பரிதியில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பளவு. ஆரை, அதாவது பாதி விட்டம், 7 என்றால் பரிதி ஏறத்தாழ 44. பாதி 22, அதை 7ஆல் பெருக்க 154. ஒரு மட்டையில் வட்டம் வெட்டி, அதைப் பதினாறு துண்டாக்கி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் பாதிப் பரிதி, அகலம் பாதி விட்டம். பிள்ளைகள் அடுக்கி முடித்த பிறகு இந்த இரண்டு அடியையும் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேணும்! நிபந்தனையும் விடுபடவில்லை, காரணமும் உள்ளேயே இருக்கிறது. விதிப்பாட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செல்வம் தாளம். பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) படிப்பிக்கும் நாளில் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் "தகிட தகிட", மற்றப் பக்கம் "தகதிமி தகதிமி" என்று ஒரே வேகத்தில் சொல்ல வைத்து, "த" வரும்போது மட்டும் கை தட்டச் சொல்லுவேன். முதல் தட்டு சேர்ந்து விழும். பிறகு பிரிந்து பிரிந்து போய், பன்னிரண்டு எழுத்து முடிந்ததும் திரும்பவும் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தட்டும். மூன்றுக்கும் நான்குக்கும் பொ.ம.சி. 12 என்று நான் எழுத முதலே பிள்ளைகள் கத்திவிடுவார்கள். இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. காதால் கேட்டதே கணக்கு.

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற மண்ணில், தவில் மேதை தட்சணாமூர்த்தி வாசித்த மண்ணில், சங்கீதம் ஒரு பாடம், கணிதம் வேறு பாடம் என்று நேரசூசியில் பிரித்து வைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. கோயில் திருவிழாவில் தவில் சமா (தவில் கச்சேரி) கேட்கும் பிள்ளை சமன்பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆதி தாளத்துக்கு எட்டு அடி; ஓர் அடிக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை (தகதிமி போன்ற சொற்களின் தொடரை) மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு சம இடைவெளி விட்டு, சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தில், வந்து விழ வேண்டும். சொற்கட்டு 8 மாத்திரை என்றால் இடைவெளி 4. சொற்கட்டு 10 என்றால் இடைவெளி 1. வேறும் இருக்கின்றன. தவிலோ மிருதங்கமோ பழகுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் மிச்சத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முழு மாத்திரைகளில் மட்டும் கணக்குப் பார்த்தால் சொற்கட்டு ஏன் ஒருபோதும் ஒற்றை எண்ணில் அமையாது என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தைக் கீழே எழுதினால் அடுத்த கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.