கிழக்கு ஜெர்மனியில் அரசு டிவி மட்டும்தானா?

"கிழக்கு ஜெர்மனியில் அரசு டிவியைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதனால் மக்கள் எல்லாவற்றையும் நம்பினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே தவறு. நாட்டின் பெரும்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. டிவி நன்றாகவே எடுத்தது. இரவு 7.30-க்கு அரசுச் செய்தி, 8 மணிக்கு மேற்கின் செய்தி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூரை ஆன்டெனா போதும். 1961-இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பினர் கூரையேறி, மேற்கு நோக்கிய ஆன்டெனாக்களை வேறு பக்கம் திருப்பிவிடக்கூட முயன்றார்கள், பலிக்கவில்லை. சிக்னல் எட்டாதது தென்கிழக்கிலிருந்த டிரெஸ்டன் நகரத்துப் பக்கமும் வடகிழக்கு மூலையும்தான். ஏ.ஆர்.டி. என்ற மூன்றெழுத்துக்கு ஜெர்மன் மொழியில் 'டிரெஸ்டன் பகுதி நீங்கலாக' (Außer Raum Dresden) என்று விரிவு சொல்லும் கிண்டலே உண்டு. சரி, அந்த டிரெஸ்டன்காரர்கள் அரசை நம்பினார்களா? அதுவும் இல்லை. நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்தவர்கள் அங்கேதான் அதிகம். மேற்கத்திய டிவி தெரிந்த ஊர்க்காரர்களுக்கு மாலைப் பொழுதாவது இனிதாகப் போனது.